ஏழாவது படி என்று நான் சொன்னேன்

என் மகள் ஹரிணிக்குக் கால் உடைந்தது மாடிப்படியில் அல்ல. இதை முதலில் சொல்லிவிட்டு மற்றதைச் சொல்கிறேன். எங்கள் ஊரில் இன்னும் பாதிப் பேர் அவள் படியில் விழுந்ததாகத்தான் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். அப்படி நினைக்க வைத்தவன் நான்தான். பிள்ளைக்குக் கால் உடைந்தால் என்ன செய்ய வேண்டும் என்று பலரும் எழுதுகிறார்கள். என்ன செய்யக்கூடாது என்பதை எழுதும் தகுதி எனக்கு நிறையவே இருக்கிறது.

எம்.ரெட்டியபட்டியில் எனக்கு ஒரு ஹார்டுவேர் கடை. ஆணி, ஸ்குரு, மோட்டார் பைப், பிளாஸ்டிக் குடம் எல்லாம் விற்பேன். எங்கள் பக்கத்துப் போர்த் தண்ணீரை வாயில் வைக்க முடியாது, ஒரே உப்பு. குடிக்கிற தண்ணீரை ஊர்க் கோடியில் உள்ள சுத்திகரிப்பு நிலையத்தில் காசு போட்டுத்தான் பிடித்து வர வேண்டும். காலையில் மொபெட்டில் குடங்களைக் கட்டிக்கொண்டு பிள்ளைகள்தான் அதற்குப் போவார்கள். எட்டாம் வகுப்புப் பையன்கள் இரண்டு பக்கமும் குடம் ஆட வளைந்து வளைந்து வருவதை ஊரே பார்க்கும், யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள். ஹரிணிக்குப் பதினோரு வயதிலேயே நான் வண்டி பழக்கிவிட்டேன். பன்னிரண்டு வயதில் தனியாகத் தண்ணீருக்குப் போய்வர ஆரம்பித்தாள். 'ஆம்பளப் பிள்ள கெட்டது போங்க' என்று கடைக்கு வருகிறவர்களிடம் சொல்லிச் சொல்லிப் பூரித்துப் போவேன்.

இதே நான்தான் பள்ளியின் பெற்றோர் ஆசிரியர் கழகத்திலும் இருந்தேன். பிள்ளைகளிடம் வண்டியைக் கொடுக்க மாட்டோம் என்று பெற்றோர்கள் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும் என்று தலைமையாசிரியை கூட்டம் போட்டபோது, மைக்கைப் பிடித்து வாய் கிழியப் பேசியவன் நான். முதல் கையெழுத்தும் என்னுடையதுதான். மறுநாள் காலையில் ஹரிணி வழக்கம்போல வண்டியை எடுத்துக்கொண்டு தண்ணீருக்குப் போனாள். ஊருக்குத்தான் உபதேசம் என்பார்களே, அது நான்தான்.

விழுந்ததும் ஒரு காலை நேரத்தில்தான். வண்டியின் பின்பக்கம் பக்கத்துக்கு இரண்டாக நான்கு குடம் நிறையத் தண்ணீர். திருப்பத்தில் ஆட்டுமந்தை ஒன்று குறுக்கே வர, அவள் பிரேக்கைப் பிடித்திருக்கிறாள். கீழே சரளைக்கல். வண்டியும் குடங்களும் அப்படியே அவள் இடது காலின் மேல் சாய்ந்துவிட்டன. ஆடு மேய்க்கிறவர்தான் வண்டியைத் தூக்கி அவளை வெளியே எடுத்திருக்கிறார். நான் ஓடிப் போய்ப் பார்த்தபோது கணுக்காலுக்கு மேலே கால் ஒரு தினுசாக வளைந்திருந்தது. அவள் அழவில்லை. குடம் ஒன்று உடைந்துவிட்டது என்று என்னிடம் மன்னிப்புக் கேட்டாள்.

என் மனைவி முருகேஸ்வரியின் தம்பி பாண்டி ஷேர் ஆட்டோ ஓட்டுகிறவன். அவன் ஆட்டோவிலேயே அருப்புக்கோட்டைக்குக் கிளம்பினோம். போகிற வழியில்தான் நான் கணக்குப் போட ஆரம்பித்தேன். விபத்து என்றால் ஆஸ்பத்திரியிலிருந்து போலீசுக்குத் தகவல் போகும். வண்டி என் பெயரில் இருந்தது, இன்சூரன்ஸ் முடிந்து மாசக்கணக்காகிவிட்டது. ஓட்டியதோ பன்னிரண்டு வயதுப் பிள்ளை. ஆனால் போலீசைவிட எனக்குப் பெரிய பயம் அந்த மைக்கும் அந்த முதல் கையெழுத்தும்தான். இனி எந்த முகத்தை வைத்துக்கொண்டு பள்ளிக்கூடப் படியேறுவது என்று நினைத்தேன். மகளின் கால் என் மடியில் கிடக்கிறது, எனக்கு என் மானம் பெரிதாகப் படுகிறது. இதை எழுதும்போது கூசுகிறது, ஆனால் அப்படித்தான் இருந்தது.

யாரும் எனக்குச் சொல்லித்தரவில்லை, நானே யோசித்தேன். "யாரு கேட்டாலும் மாடிப்படியில விழுந்துட்டேன்னு சொல்லணும், என்ன? ஏழாவது படி. காலு மடங்கிருச்சு. வண்டின்னு வாயத் தொறந்துறாத" என்று அவள் காதில் சொன்னேன். எத்தனையாவது படி என்று சேர்த்துச் சொன்னால் பொய் நம்பும்படி இருக்கும் என்பது என் கெட்டிக்காரத்தனம். அவள் பல்லைக் கடித்துக்கொண்டு தலையாட்டினாள். முன்னால் இருந்த பாண்டி கண்ணாடியில் என்னைப் பார்த்தான். முருகேஸ்வரி பார்க்கவே இல்லை, பிள்ளையின் தலையைத் தடவிக்கொண்டிருந்தாள்.

ஆஸ்பத்திரியில் எலும்பு டாக்டர் இளவயதுக்காரர், நிதானமானவர். எக்ஸ்ரே எடுத்தார். முழங்காலுக்குக் கீழே காலில் இரண்டு எலும்புகள் உண்டு. முன்னால் இருப்பது தடித்தது, வெளிப்பக்கம் இருப்பது ஒல்லி. ஒல்லி எலும்பு முறிந்திருந்தது. தடித்த எலும்பு கணுக்காலுக்குச் சற்று மேலே உடைந்து லேசாக விலகியிருந்தது. படத்தைப் பார்த்தவர் திரும்ப வந்து காலைப் பார்த்தார். வீக்கம் கூடுதலாக இருக்கிறதே என்றார். அப்புறம்தான் அந்தக் கேள்வியைக் கேட்டார்.

"காலு மேல ஏதாவது விழுந்துச்சா? வண்டி, கல்லு, அந்த மாதிரி?"

"இல்ல சார். ஏழாவது படியில காலு மடங்கி விழுந்துட்டா."

அவர் ஹரிணியைப் பார்த்தார். அவளும் தலையாட்டினாள். எலும்பை இழுத்து நேராக்கி, முழங்காலுக்கு மேல்வரை சுற்றிலும் மாவுக்கட்டுப் போட்டார். கால் மடங்கி விழுந்த முறிவுக்கு அது போதும். காலைத் தலையணை மேல் உயர்த்தி வைக்கச் சொன்னார், விரல்களை அசைக்கச் சொன்னார். வலி குறையாமல் கூடிக்கொண்டே போனாலோ, விரல் மரத்துப்போனாலோ, நிறம் மாறினாலோ அந்த நிமிடமே வர வேண்டும் என்று இரண்டு தடவை சொல்லி, அச்சடித்த தாள் ஒன்றும் கொடுத்தார். அதை மடித்துச் சட்டைப் பையில் வைத்தேன். மதியத்துக்கெல்லாம் வீட்டுக்கு வந்துவிட்டோம். நான் கடையைத் திறந்தேன். விசாரித்தவர்களிடமெல்லாம் ஏழாவது படி கதையைச் சொன்னேன். மூன்றாவது தடவை சொல்லும்போது எனக்கே அது நடந்ததுபோல இருந்தது.

இரண்டு மணிக்கு முருகேஸ்வரி போன் பண்ணினாள், பிள்ளை வலி தாங்க மாட்டேன் என்கிறாள் என்று. எலும்பு உடைந்தால் வலிக்கத்தான் செய்யும், மாத்திரையைக் கொடு என்றேன். மூன்று மணிக்கு மறுபடியும் போன். அதற்கும் அதே பதில்தான். நான்கு மணிக்கு நான் வீட்டுக்குப் போனபோது ஹரிணி தலையணை உறையை வாயில் திணித்துக்கொண்டு கிடந்தாள். காலை உயர்த்தி வைத்திருந்தும் பலனில்லை. விரல்களைத் தொட்டால் தெரியவில்லை என்றாள். பெருவிரலை நான் லேசாக அசைத்ததற்கே உடம்பு முழுக்கத் துள்ளியது.

"அப்பா, வண்டி விழுந்ததச் சொல்லிருவமா?" என்று கேட்டாள். "தெரிஞ்சா டாக்டர் வேற மருந்து தருவாகள்ல?"

நான் என்ன சொல்லியிருக்க வேண்டும் என்று உங்களுக்குத் தெரியும். நான் சொன்னது, "சும்மா படு, எல்லாம் சரியாப் போகும்" என்பதுதான். மறுபடி அங்கே போனால் மறுபடி கேட்பார்களே என்பதுதான் அப்போதும் என் மனதில் ஓடியது. முருகேஸ்வரி எழுந்து சேலையை இழுத்துச் செருகினாள். நீங்கள் வருகிறீர்களா, நானும் பாண்டியும் மட்டும் போகவா என்று கேட்டாள். கத்தவில்லை. கல்யாணமாகிப் பதினாறு வருஷத்தில் அப்படி ஒரு குரலில் அவள் பேசி நான் கேட்டதில்லை. சட்டையை மாட்டிக்கொண்டு பின்னால் போனேன்.

டாக்டர் விரல்களைப் பார்த்த உடனேயே மாவுக்கட்டை மேலிருந்து கீழ்வரை வெட்டிப் பிளக்கச் சொன்னார். உள்ளே கால் பளபளவென்று வீங்கிக் கல்லாகக் கிடந்தது. விரலை ஒருமுறை மேலே நிமிர்த்திப் பார்த்தார், ஹரிணி வீறிட்டாள். என்னைத் தள்ளி நிற்கச் சொல்லிவிட்டு அவளிடமே குனிந்து கேட்டார், நிஜமாக எப்படி விழுந்தாய் என்று.

அவள் என் முகத்தைப் பார்த்தாள். அந்த வலியிலும் தலையைத் திருப்பி, டாக்டருக்குப் பின்னால் நின்ற என்னைத் தேடிப் பார்த்தாள்.

"படியிலதான் சார்" என்றாள்.

நாக்கைப் பிடுங்கிக்கொண்டு சாகலாம் என்பார்களே, அதற்கு அதைவிட நல்ல நேரம் என் ஆயுளில் வந்ததில்லை. அப்போதும் சும்மாதான் நின்றேன்.

முருகேஸ்வரிதான் சொன்னாள். "வண்டி சார். தண்ணிக்கொடத்தோட வண்டி காலு மேல விழுந்துச்சு. இவுகதான் சொல்ல வேண்டாம்னாக."

டாக்டர் என்னைத் திட்டவில்லை, திட்டியிருந்தால் தேவலாம். காலையில் இதைச் சொல்லியிருந்தால் சுற்றுக்கட்டே போட்டிருக்க மாட்டேன், அடியில் மட்டும் தாங்கு கொடுத்து இங்கேயே வைத்து மணிக்கொருதரம் பார்த்திருப்பேன் என்று மட்டும் சொன்னார். சொல்லிக்கொண்டே மதுரைக்குப் போன் போட்டுவிட்டார். ஆம்புலன்ஸ் வந்தது.

அவர் அவசரமாகச் சொன்னதையும், பிறகு மதுரையில் பெரிய டாக்டர் பொறுமையாகச் சொன்னதையும் சேர்த்து எனக்குப் புரிந்தபடி எழுதுகிறேன். கெண்டைக்கால் சதை ஒரே கட்டியாக இல்லை. விரிந்து கொடுக்காத நான்கு உறைகளுக்குள் பிரிந்து இருக்கிறது. பாரம் விழுந்து நசுங்கினால் உள்ளே ரத்தம் கசிந்து வீங்கும். உறை விரியாததால் வீக்கம் உள்ளேயே சதையை நெருக்கும், ரத்தம் ஓடாது. சில மணி நேரத்தில் சதை செத்துவிடும், நரம்பும் போய்விடும். மேலே சுற்றுக்கட்டு வேறு இருந்தால் கேட்கவே வேண்டாம். அதற்கு ஒரே வழி, காலின் இரண்டு பக்கமும் நீளமாகக் கீறி உறைகளைத் திறந்துவிடுவதுதான். இன்னும் இரண்டு மூன்று மணி நேரம் போயிருந்தால் பாதத்தைக் காப்பாற்றுவது பற்றியே பேசியிருக்க முடியாது என்றார். நான் மத்தியானம் கடையில் உட்கார்ந்து அரை அங்குல ஆணி நிறுத்துக்கொண்டிருந்ததை நினைத்துக்கொண்டேன்.

ஆபரேஷன் அறைக்கு வெளியே வரிசையாக இரும்பு நாற்காலிகள். முருகேஸ்வரி ஒரு கோடியில் உட்கார்ந்தாள், நான் மறு கோடியில். நடுவில் உட்கார்ந்த பாண்டி இரண்டு பக்கமும் டீ வாங்கிக் கொடுத்தான். கையெழுத்துப் போடச் சொல்லி ஒரு தாளை நீட்டினார்கள். காலை இழக்க நேரிடலாம் என்று அதில் இருந்தது. அதற்குக் கீழே என் பெயரை எழுதினேன். பள்ளியில் போட்ட அதே கையெழுத்துதான். அப்போது பேனா ஓடியது, இப்போது ஓடவில்லை.

கால் பிழைத்தது. சதை இன்னும் சிவப்பாகத்தான் இருக்கிறது, கொஞ்சம் மட்டும் நிறம் மாறியிருக்கிறது என்று வெளியே வந்து சொன்னார்கள். ஐந்து நாள் அந்தக் கீறல்களை மூடாமல் ஈரத்துணி வைத்துக் கட்டியிருந்தார்கள். வீக்கம் வடிந்ததும் ஒரு பக்கம் தையல், இன்னொரு பக்கம் தொடையிலிருந்து தோல் எடுத்து ஒட்டினார்கள். கட்டு மாற்றும் ஒவ்வொரு தடவையும் என்னை வெளியே போகச் சொல்லிவிடுவாள் ஹரிணி. அவளுக்கு வெட்கம் என்று நினைத்தேன். அப்பா அழுதால் எனக்குப் பயமாக இருக்கிறது என்று அம்மாவிடம் சொல்லியிருக்கிறாள்.

எலும்பு விஷயமும் லேசானதாக இல்லை. எக்ஸ்ரேயில் கணுக்காலுக்குப் பக்கத்தில் குறுக்காக ஒரு கருப்புக் கோடு தெரிந்தது. அதுவும் உடைசல் என்றுதான் நினைத்தேன். அது உடைசல் இல்லை, வளர்கிற இடம் என்றார் பெரிய டாக்டர். வளரும் பிள்ளைகளின் எலும்பு நுனியில் குருத்தெலும்பால் ஒரு தட்டு இருக்குமாம். அங்கிருந்துதான் எலும்பு நீளும். பெரியவர்களுக்கு அது மூடிப்போய்விடும். ஹரிணியின் முறிவு அந்தத் தட்டு வழியாகவும் ஓடியிருந்தது. பாரம் விழுந்ததில் தட்டும் நசுங்கியிருந்தால் கால் அந்த இடத்தில் வளராமல் நின்றுவிடலாம். ஒரு பக்கம் நின்று மறுபக்கம் வளர்ந்தால் பாதம் கோணிவிடும். இப்போதைக்கு யாராலும் சொல்ல முடியாது, ஒரு வருஷமாவது பார்க்க வேண்டும் என்றார்.

அந்த இடத்தில் எலும்பைப் பிடித்து நிறுத்த மரையில்லாத வழவழப்பான மெல்லிய கம்பிகளைப் போட்டிருந்தார்கள். மரையுள்ள ஸ்குருவை அந்தத் தட்டின் குறுக்கே போட்டால் அது இறுக்கிப் பிடித்து வளர்ச்சியைக் கெடுத்துவிடுமாம். இருபது வருஷமாக ஸ்குரு விற்கிறேன், எனக்கு இது ஒன்று மட்டும் சொன்னவுடனே விளங்கியது. மரையில்லாத கம்பியைச் சேதாரம் இல்லாமல் உருவி எடுத்துவிடலாம்.

பக்கத்துக் கட்டிலில் பாலவனத்தம் கிராமத்துப் பையன் ஒருவன், பதினைந்து வயது. அவனுக்கு அதே தடித்த எலும்பு நடுவில் முறிந்திருந்தது. அந்த வயதுப் பிள்ளைகளுக்கு எலும்புக்குள் வளைந்து கொடுக்கிற இரண்டு கம்பிகளைச் செருகிவிடுகிறார்கள், வளர்கிற தட்டைத் தொடாமல். இரண்டாம் வாரமே வாக்கரைப் பிடித்து நின்றான். அவன் அம்மா மில் வேலைக்குப் போகிறவர். வந்து விசாரிக்கிற ஒவ்வொருவரிடமும், நர்சிடம், தரை துடைக்கிற அம்மாவிடம்கூட, "நாந்தான் வண்டிச்சாவியக் குடுத்தேன், எம் புத்தியச் செருப்பால அடிக்கணும்" என்று சொல்லிவிட்டு, பிளாஸ்கிலிருந்து எங்களுக்கும் வெந்நீர் ஊற்றிக் கொடுப்பார். அவர் அதைச் சொல்லும்போதெல்லாம் நான் வராந்தாவுக்குப் போய்விடுவேன்.

முருகேஸ்வரி பதினோரு நாள் என்னோடு பேசவில்லை. ஆனால் பாண்டி வீட்டிலிருந்து வருகிற சாப்பாட்டில் எனக்கு ஒரு பங்கைத் தட்டில் போட்டு மூடி வைத்திருப்பாள். பில் கட்ட வேண்டிய அன்று வளையல்களைக் கழற்றி அந்தத் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தாள்.

போலீஸ் வந்தது. நான் அவ்வளவு பயந்த போலீஸ், தலை நரைத்த ஏட்டு ஒருவர், கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து நடந்ததை எழுதிக்கொண்டார். தனக்கும் பேத்தி இருப்பதாகச் சொன்னார். கோர்ட்டுக்குப் போனேன், அபராதம் கட்டினேன், முடிந்தது. இதற்காகவா என்று கோர்ட்டு வாசலில் நின்று என்னையே கேட்டுக்கொண்டேன். பெற்றோர் ஆசிரியர் கழகத்திலிருந்து விலகிக்கொண்டேன். காரணம், கடையில் வேலை அதிகம் என்று எழுதிக்கொடுத்தேன். ஆமாம், அதுவும் பொய்தான்.

ஆறாவது வாரம் கம்பிகளை உருவினார்கள். பிறகு வாக்கர், பிறகு ஊன்றுகோல். பெருவிரல் மேலே தூக்க வரவில்லை. காலில் ஒரு ரப்பர் பட்டையை மாட்டி இழுத்து இழுத்துப் பழக வேண்டும். முருகேஸ்வரி எண்ணுவாள், ஹரிணி இழுப்பாள். ஐந்து மாதம் கழித்து ஒரு நாள் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது அந்த விரல் லேசாக நிமிர்ந்தது. மூன்று பேரும் தட்டை விட்டுவிட்டு அதையே பார்த்தோம்.

மூன்று மாதத்துக்கு ஒருமுறை மதுரைக்குப் போய் எக்ஸ்ரே எடுப்போம். அடிபட்ட எலும்பு வளர்வதைக் கொஞ்ச நாள் நிறுத்திவிட்டு மறுபடி தொடங்கும்போது படத்தில் மெல்லிய வெள்ளைக் கோடு ஒன்று விழுமாம். வளர்கிற தட்டுக்கு அது நேர் இணையாக இருந்து, தட்டை விட்டு மேலே மேலே விலகிப் போனால் கால் ஒழுங்காக வளர்கிறது. சாய்ந்து போய் ஒரு பக்கம் தட்டோடு ஒட்டிக்கொண்டால் அந்தப் பக்கம் நின்றுவிட்டது. ஒவ்வொரு தடவையும் படம் வரும்வரை நான் கும்பிடாத சாமி இல்லை.

ஒரு வருஷம் முடிந்ததும், போன மாதம் மதுரைக்குப் போனோம். பெரிய டாக்டர் படத்தை விளக்கில் மாட்டிப் பென்சிலால் காட்டினார். வெள்ளைக் கோடு தட்டிலிருந்து நன்றாக விலகி, அதற்கு நேர் இணையாக ஓடியது. இரண்டு காலையும் அளந்தார். வித்தியாசம் பெயருக்குத்தான் இருக்கிறது, செருப்பில் தெரியாது என்றார். முருகேஸ்வரி அந்த இடத்திலேயே அழுதாள்.

கிளம்பும் நேரத்தில் பயிற்சி டாக்டரான ஒரு பெண், கோப்பைப் புரட்டிக்கொண்டு வந்தார். புதிதாகச் சேர்ந்தவர் போல. ஏதோ படிவத்தை நிரப்ப வேண்டியிருந்தது. ஹரிணியிடம் சாதாரணமாகக் கேட்டார், எப்படிம்மா அடிபட்டது என்று.

ஹரிணி என் முகத்தைப் பார்த்தாள்.

ஒரு வருஷம் ஆகிவிட்டது. போலீசுக்குத் தெரியும், டாக்டர்களுக்குத் தெரியும், கோர்ட்டுக்குத் தெரியும். இருந்தும் யாராவது கேட்டால் அவள் கண் முதலில் என்னிடம்தான் வருகிறது, எதைச் சொல்ல என்று கேட்டுக்கொண்டு. கால் நேராகிவிட்டது, இதை எந்தக் கம்பி போட்டு நேராக்குவது?

"நாந்தான் டாக்டரம்மா" என்றேன். "பன்னெண்டு வயசுப் பிள்ளைட்ட வண்டியக் குடுத்துத் தண்ணிக்கு அனுப்பிச்சேன். நாலு கொடம் தண்ணியோட வண்டி காலு மேல விழுந்துருச்சு. படியில விழுந்துட்டேன்னு ஆஸ்பத்திரியில சொல்லச் சொன்னதும் நாந்தான்."

அவர் எழுதிக்கொண்டே வந்தார். நெஞ்சிலிருந்து ஒரு பாரம் இறங்கினாற்போலத்தான் இருந்தது.

"அஞ்சுப்பா" என்றாள் ஹரிணி. இந்தத் தடவை என் முகத்தைப் பார்க்கவில்லை, எழுதுகிற பேனாவைப் பார்த்துச் சொன்னாள். "முன்னால ஒண்ணு இருந்துச்சுல்ல. அதான் என்னால கால ஊன முடியல."

பயிற்சி டாக்டர் நான்கை அடித்துவிட்டு ஐந்து என்று எழுதினார்.

மறந்துபோயிருந்தேன் என்று சொல்லலாம், மறக்கவில்லை. அன்று காலை கடை வேலையாளுக்கும் குடிக்கத் தண்ணீர் வேண்டுமென்று, ஐந்தாவது குடத்தை அவள் கால் வைக்கிற இடத்தில் இறுக்கி வைத்தவன் நான். காலை வெளியே தொங்கப் போட்டுக்கொண்டுதான் அவள் ஓட்டி வந்திருக்கிறாள். டாக்டரிடமும் ஏட்டிடமும் முருகேஸ்வரியிடமும் நான் சொன்னது நான்கு குடம்தான். இதே எழுத்திலும் மேலே நான்கு என்றுதான் எழுதியிருக்கிறேன். அதைத் திருத்தவில்லை, படிக்கிறவர்கள் பார்க்கட்டும்.